எருமையும் தையல் மிஷினும்

என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர்கள் அவரை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக் கார் ஓட்டியவர். "சீக்கிரம் போங்க, ரயில் போயிடும்" என்று பின்சீட்டில் பறக்கிற ஆட்களிடம் திரும்பிப் பார்க்காமல் அவர் சொல்கிற ஒரே வார்த்தை அது. "நிதானம்." சொல்லிவிட்டு, அதுவரை போன அதே வேகத்தில்தான் போவார். தன் வண்டியில் ஏறி ரயிலைத் தவறவிட்டவர் ஒருத்தர்கூட இல்லை என்பது அவர் கட்சி. இரண்டு பேர் தவறவிட்டார்கள், எனக்குத் தெரியும். அதை எதற்கு இப்போது கிளற வேண்டும்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எதிரே லாரி வரும்போது ஸ்டீரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிற ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும். இவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்கு இல்லை, கிண்டலுக்கு.

எங்களிடம் இரண்டு பழைய கார்கள். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தந்த வண்டியைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், எனக்கு வீட்டுச் சண்டையே போதும். அவருடையது கறுப்பு. நீளம், அகலம், கனம் எல்லாம் உண்டு. முன்சீட்டு ஒரே பலகையாக, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் தரையில் இருக்காது, ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே கைத்தடி போல நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் ராஜா. நான் வைத்த பெயர் எருமை. என்னுடையது சின்னது, வெள்ளை. நான் அதைச் சிட்டு என்பேன். ஸ்டார்ட் பண்ணினால் வரும் சத்தத்தை வைத்து அவர் தையல் மிஷின் என்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு தடவைகூட ராஜா என்றதில்லை, அவரும் சிட்டு என்றதில்லை. சொல்லிவிட்டால் தோற்றுப்போன மாதிரி.

எது நல்ல வண்டி என்பதுதான் எங்கள் வீட்டுத் தீராத வழக்கு. லீவு நாளில் இரண்டையும் வெளியே எடுப்போம். முதலில் ஒன்று, அப்புறம் மற்றொன்று, இரண்டுக்கும் ஒரே பாதை. வீட்டிலிருந்து கிளம்பி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, மதில் வளைவில் திரும்பி, ரயில்வே கேட்டுக்கு இறங்கி, கேட்டுக்குப் பக்கத்து முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். முகப்புப் பலகையின் மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்திருப்போம். எந்த வண்டியில் எவ்வளவு தளும்புகிறது என்று பார்க்க. பிள்ளை பெற்ற பிறகும் இதை விடவில்லை. பின்சீட்டில் பிள்ளை தூங்கும், முன்சீட்டில் நாங்கள் தர்க்கம் பண்ணுவோம்.

நியாயமாகவே சொல்கிறேன், கேளுங்கள். மேட்டில் எருமை இழுக்கும். நாலு பேர், நாலு பெட்டி ஏற்றினாலும் இரண்டாவது கியரில் முனகாமல் ஏறிவிடும். சிட்டு பாதி மேட்டில் முதல் கியர் கேட்டு அலறும். "பாத்தியா டீச்சர், எப்படி இழுக்குது!" என்று அவர் ஸ்டீரிங்கைத் தட்டிக்கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மதில் வளைவு வந்தால் கதை மாறிவிடும். எருமையின் ஸ்டீரிங் பெரிய சக்கரம். இப்படியும் அப்படியும் கொஞ்ச தூரம் சும்மா சுற்றும், அதற்கப்புறம்தான் வண்டிக்கே சேதி போகும். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உறவு கொண்டாட வேண்டியதுதான். சிட்டு அப்படியா? நினைத்த இடத்தில் திரும்பும். முட்டுச்சந்தில் ஒரே வீச்சில் திரும்பிவிடும். எருமையை முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டும். அதற்குள் சந்துக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

பள்ளம் மேட்டில் எருமை தொட்டில். சிட்டு ஒவ்வொரு கல்லையும் எண்ணி முதுகெலும்பில் சொல்லும். பெரிய லாரி பக்கத்தில் போனால் சிட்டு நடுங்கும், எருமை கண்டுகொள்ளாது. பிரேக் விஷயத்தில் சிட்டுதான். மிதித்தால் நிற்கும். எருமைக்கு அடுத்த தெருவில் நிற்க வேண்டுமென்றால் இந்தத் தெருவிலேயே மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். டம்ளர் தண்ணீர் அவர் ஓட்டினால் அவர் வண்டியில் தளும்பாது, என் வண்டியில் தளும்பும். நான் ஓட்டினால் இரண்டிலும் தளும்பும். அது ஓட்டுகிறவள் குற்றம் என்பார். வண்டியின் குற்றம் என்பேன். இப்படியே முப்பது வருஷம் போயிற்று.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறையில் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. கொஞ்ச நாள் கழித்து வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ஆனால் வந்ததெல்லாம் இடம் மாறி வந்தது. தலையணை வேண்டுமென்றால் "டிக்கெட்" என்பார். தண்ணீர் கேட்க நினைத்து "சாவி, சாவி" என்பார். சாவியைக் கையில் கொடுத்தால் கண் கலங்கிவிடும்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. மறைக்காமல் சொன்னார். "உள்ள எவ்வளவு புரியுதுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. எல்லாமே புரியலாம், கொஞ்சம்தான் புரியலாம். ஆனா வாய்ல வர்ற வார்த்தைய அப்படியே நம்பாதீங்க."

அதிலிருந்து அவர் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. பார்க்க வருகிறவர்கள் அவர் எதிரே உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்பார்கள், "சாப்பிட்டாரா? தூங்கறாரா?" என்று. மேஜை நாற்காலியைப் பற்றி விசாரிப்பது போல. நான் எரிந்து விழுவேன். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அதே கேள்விதான் எனக்கும். உள்ளே என் ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா? எனக்குப் பயமாக இருந்தது. வேறெந்தப் பயத்தையும் சத்தம் போட்டே விரட்டிவிடுவேன். இதை விரட்ட முடியவில்லை.

எங்கள் படுக்கையறை மாடியில். அவரை மாடியேற்றி இறக்குவது பெரும்பாடாகிவிட்டது. கீழே இருக்கும் கார் ஷெட்டில் பாதியை அறையாகத் தடுத்து, குளியலறை ஒட்டிக் கட்டலாம் என்றான் மகன். கட்டினால் மிச்சத்தில் ஒரு கார்தான் நிற்கும். ஊரில் ஒரு பல் டாக்டர் பழைய கார்களைச் சேர்க்கிற பைத்தியம். எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றான் மகன். "அப்பா இனிமே ஓட்டப் போறதில்ல. உனக்கு கிளாஸ் எடுக்க சின்ன வண்டி வேணும். பெரிய வண்டிய குடுத்துடலாம்."

"அவரைக் கேக்காம அவர் வண்டிய குடுக்க மாட்டேன்."

"கேட்டா என்ன சொல்லுவார்? டிக்கெட்னு சொல்லுவார்."

கை ஓங்கிவிட்டேன். அதற்குள் அவனே உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டான். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை அடித்து என்ன ஆகப்போகிறது. கையை இறக்கிக்கொண்டேன்.

வாயால் கேட்க முடியாவிட்டால் என்ன, பழைய பாதையில் இரண்டு வண்டியிலும் கூட்டிக்கொண்டு போகிறேன், முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும் என்றேன். மகனுக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் மெக்கானிக்கை அழைத்து வந்தான். மாதக்கணக்கில் நின்ற எருமையின் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, பெட்ரோல் மாற்றி, தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "ஜம்முனு இருக்கும்மா, நல்லா இழுக்குது" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார்.

மறுநாள் காலை அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து எருமையின் முன்சீட்டுக்கு மாற்றினோம். பலகை சீட்டு, அகலக் கதவு. உட்கார வைத்து ஒரு தள்ளு தள்ளியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகன் பின்னால் ஏறினான். நான் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். டம்ளரில் தண்ணீர்கூட வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். சிரித்தாரா, வாய் கோணலில் அப்படித் தெரிந்ததா, எனக்குத் தெரியவில்லை.

தெருமுனை தாண்டும்வரை ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் பாதி ஏறியிருப்போம். எருமை என்றுமில்லாமல் கொஞ்சம் மூச்சு வாங்கியது. ரொம்ப நாள் நின்ற வண்டிதானே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் பேசினார்.

"இழுக்குது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே மேடு, அதே வார்த்தை. "ஆமாங்க, இழுக்குதுங்க! உங்க வண்டியாச்சே, இழுக்காம பின்ன?" என்றேன்.

அவர் தலையை வேகமாக ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல். முகம் சிவந்துவிட்டது. "இழுக்குது. இழுக்குது!"

பின்னாலிருந்து மகன் எட்டிப் பார்த்தான். "அம்மா, அப்பா முகத்தைப் பாரு. அப்பா, எங்கப்பா இழுக்குது? கையா? நெஞ்சா?"

அவர் இடது கையால் கதவைத் தட்டினார். அப்புறம் கீழே, தன் இடது காலுக்கு முன்னால் குத்திக் குத்திக் காட்டினார். "இழுக்குது!"

"கால் இழுக்குதாம்மா! மறுபடியும் வந்துடுச்சும்மா!"

வலது பக்கம் போனவருக்கு இப்போது இடதும் போனால் அப்புறம் என்ன மிச்சம்? ரயில்வே கேட் இறக்கத்துக்குத் திருப்ப வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன். நிதானமாவது ஒன்றாவது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் மதில் வளைவிலேயே டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் முழுவதும் என் மடியில். அவர் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார், "இழுக்குது, இழுக்குது" என்று. நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன், "இதோ வந்துடுச்சுங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க!" என்று. மகன் பின்சீட்டிலிருந்து அப்பாவின் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் ஓடி வந்தார். நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், இடது உள்ளங்காலில் ஏதோ கீறிப் பார்த்தார். முழங்காலைத் தட்டினார், கால் துள்ளியது. கையை அழுத்தச் சொன்னார், இவர் அழுத்திய அழுத்தில் டாக்டரே முகம் சுளித்தார்.

"ஒண்ணுமில்லையேம்மா. இடது பக்கம் நல்லாத்தான் இருக்கு. இவருக்கு விழுந்தது வலது பக்கம்தானே? இடதுல எதுக்கு இழுக்கணும்?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "வேற எதையோ சொல்ல நினைச்சு இந்த வார்த்தை வந்திருக்கும்" என்றார்.

கட்டிலில் இருந்தவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரயில் போயிடும், ரயில் போயிடும் என்று பின்சீட்டில் குதிக்கிறவர்களை அவர் கண்ணாடியில் பார்க்கிற பார்வை. ஒரு பெருமூச்சு விட்டார். இடது கையைத் தூக்கி, காற்றில் ஒரு பெரிய சக்கரத்தைப் பிடித்தார். பிடித்த கை தானாக இடது பக்கம் போயிற்று. அவர் அதை வலது பக்கம் திருப்பினார். மறுபடி இடது பக்கம் போயிற்று. மறுபடி வலது பக்கம் திருப்பினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அட கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "காலு இல்லடா! வண்டி! வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னு சொல்றார்டா!"

வாசலுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரிக் காவலாளி எருமைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "உங்க வண்டியாம்மா? முன்சக்கரத்துல புகை வருது, பாருங்க" என்றார். இடது முன்சக்கரம். கிட்டே போகும்போதே கருகிய நாற்றம். என் சேலையில் ஊறியிருந்த தண்ணீரைப் பிழிந்து இரண்டு சொட்டு விட்டேன். சுர்ரென்று ஆவியாயிற்று.

மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். மாதக்கணக்கில் நின்றதில் பிரேக் துருப்பிடித்து, மேட்டுக்கு முன்னால் நான் ஒரு தடவை மிதித்ததும் பிடித்துக்கொண்டுவிட்டது, விடவே இல்லை. நான் ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்தபடியே மேடேறியிருக்கிறேன். ஒடித்துப் பிடித்ததுகூட எனக்கு உறைக்கவில்லை, எருமையின் லட்சணமே அதுதான் என்று விட்டிருக்கிறேன். "ரயில்வே கேட் இறக்கத்துல போயிருந்தீங்கன்னா, சூட்டுல பிரேக்கே பிடிச்சிருக்காதும்மா" என்றார் மெக்கானிக்.

கையில் ஸ்டீரிங் இருந்தும் எனக்குத் தெரியாதது, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தது மட்டுமில்லை, சரியான வார்த்தையும் வந்திருக்கிறது. நாங்கள்தான் அதைக் கொண்டுபோய்க் காலில் மாட்டினோம், நெஞ்சில் மாட்டினோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வாசல்படியில் உட்கார்ந்து இரண்டையும் செய்தேன். உள்ளே என் ஆள் இருக்கிறார். முழுசாக இருக்கிறார். போதும் எனக்கு.

அன்றைக்கு மகன் அப்பாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "அப்பா, மன்னிச்சிடுங்க" என்றான். அவர் இடது கையால் அவன் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சிட்டிலும் அவரை ஏற்றிப் பார்த்தோம். சொன்னபடி செய்ய வேண்டாமா? சின்னக் கதவு, தாழ்ந்த சீட்டு. வராத காலை மடக்கி உள்ளே வைப்பதற்குள் தலை இடித்தது, முழங்கால் இடித்தது, எனக்கும் மகனுக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மேடு, வளைவு, இறக்கம், முட்டுச்சந்து எல்லாம் போனோம். சிட்டு ஒரே வீச்சில் திரும்பியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கண்ணை மூடி மூடித் திறந்தார்.

ஞாயிறு காலை பல் டாக்டர் வந்தார். கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது நான் அவர் முன்னால் போய் நின்று கேட்டேன். "என்னங்க, நீங்க சொல்றதுதான். எந்த வண்டிய குடுக்கறது?"

அவர் ஜன்னல் வழியே ஷெட்டைப் பார்த்தார். வார்த்தையைத் தேடி, பிடித்து, அது நழுவாமல் மெல்ல வெளியே கொண்டு வந்தார்.

"எருமை," என்றார்.

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"எருமைய... குடு. சிட்டு... நல்லாத் திரும்பும். நீ... ஓட்டணும்."

முப்பது வருஷம் இதற்காகத்தான் ஏங்கினேன். என் வண்டி நல்லாத் திரும்பும் என்று அந்த வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று எத்தனை தடவை வம்புக்கு இழுத்திருப்பேன்! வந்துவிட்டது. என் வாயால் ராஜா என்று சொல்லாத வண்டியை, நான் வைத்த பெயராலேயே அவர் கூப்பிட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷன் என்னிடம் தோற்கக் கூடாது.

"பாத்தீங்களா டாக்டர்," என்று பல் டாக்டர் பக்கம் திரும்பினேன். "இவருக்கு இன்னும் வார்த்தை மாறி மாறித்தான் வருது. ஒண்ணு நினைச்சு ஒண்ணு சொல்றார். ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க, அப்படியே நம்பாதீங்கன்னு."

"இல்லம்மா," என்று மகன் எழுந்தான், "அப்பா சரியாத்தான்..."

"உனக்கென்னடா தெரியும்? சும்மா இரு."

அவருக்குப் புரிந்துவிட்டது. இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார். "எருமை! எருமை!" என்றார்.

"ஆமாங்க, ஆமாங்க, தெரியுதுங்க," என்று சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கிய சிட்டின் சாவியை எடுத்து பல் டாக்டர் கையில் வைத்தேன். தையல் மிஷின் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அதுவரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பியபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஈரக் கண்ணோடு, பல்லைக் கடித்துக்கொண்டு. "டிக்கெட்" என்றார். தலையணையாக இருக்காது. என்னை ஏதோ திட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அறை கட்டியாயிற்று. பக்கத்தில் மிச்சமிருக்கும் ஷெட்டில் கறுப்பு வண்டி நிற்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்களும் அதில்தான் கற்றுக்கொள்கிறார்கள். இதை ஓட்டிவிட்டால் கப்பலையே ஓட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். லீவு நாளில் அவரை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். தெருமுனை தாண்டி நேர்ச்சாலைக்கு வந்ததும் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிப்பேன்.

"ராஜா இழுக்குதாங்க?" என்று கேட்பேன்.

அவர் கண்ணை மூடி, உட்கார்ந்தபடியே சக்கரம் நாலையும் கேட்பார்.

"இல்ல," என்பார். "போ, டீச்சர். நிதானம்."